மழலையின் எடையும் மாலைச் சிற்றுண்டியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், மகளிர் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்கள் குறளின் நுட்பத்தையும் சிலம்பின் சிறப்பையும் எடுத்துரைக்க, நாம் கீழே அமர்ந்து கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் எங்களை அழைத்துக் குழந்தை உணவைப் பற்றிப் பேசுமாறு பணித்தபோது உண்மையில் அஞ்சினோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எடைச்சீட்டு எழுதிக் காலம் கழிப்பவனுக்கும் மழலையர் உணவுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. அது சற்று வெட்கத்திற்குரிய தொடர்பு. அதையே முதலில் சொல்லிவிடுகிறோம். "நாங்கள், நாங்கள்" என்று பன்மையிற் பேசுவது பெருமைக்காக அன்று. சொல்லப்போவதில் பாதிக்கு மேல் எங்கள் வீட்டம்மாவின் அனுபவம். மேடையேற அவர் நாணியதால் இருவர் பேச்சையும் ஒருவரே பேச நேர்ந்தது.

எங்கள் மகளும் மருமகனும் கிருஷ்ணராஜபுரத்தில் குடியிருக்கின்றனர். சென்ற ஆண்டு அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்தபோது எடை 2 கிலோ 900 கிராம். மகள் வேலை பார்ப்பது ஒரு தனியார் அலுவலகத்தில். 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி கிடைக்கும் 26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்ததும் அவள் பணிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பகலெல்லாம் குழந்தை எங்கள் குவார்ட்டர்ஸில்தான். ஆறு மாதம் நிறைந்தபோது எடை 6 கிலோ 400 கிராம். குறை சொல்ல இடமில்லை. அதன் பின்னர் மூன்று மாதம் குழந்தையை நாங்கள் நிறுத்துப் பார்க்கவே இல்லை. நாள்தோறும் நூற்றுக்கணக்கான மூட்டைகளை நிறுத்து, அரைக் கிலோ கூடினாலும் குறைந்தாலும் கட்டணத்தைத் திருத்தி எழுதும் கைக்கு, மடியில் கிடந்த பேத்தியை நிறுக்கத் தோன்றவில்லை! ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குச் சென்றபோது தராசு காட்டியது 6 கிலோ 700 கிராம். மூன்று மாதத்தில் முந்நூறு கிராம்.

அன்று மாலை எங்கள் வீட்டில் நடந்ததை விரித்துரைக்க வேண்டா. மகள் அழுதாள். "உனக்குப் பால் போதவில்லை" என்று ஒரு பக்கத்து உறவினர் பழி கூற, "வேலைக்குப் போனதுதான் காரணம்" என்று மற்றொரு பக்கத்தார் கூறினர். காலனியிலோ ஆளுக்கொரு மருந்து. ஒருவர் இன்ன டப்பா என்றார். இன்னொருவர் அதனிலும் விலை மிகுந்த டப்பா என்றார். இரண்டையும் வாங்கினோம். இரண்டாம் டப்பாவின் விலை எங்கள் அரை மாதப் பால் கணக்குக்கு ஈடானது. குழந்தையோ இரண்டையும் துப்பிவிட்டது.

பின்னர்ப் பார்த்த குழந்தை மருத்துவர் ஒரு கன்னட அம்மையார். அவர் டப்பாக்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. "பாட்டியம்மா, நேற்றுக் காலையிலிருந்து இரவு வரை குழந்தைக்கு என்ன கொடுத்தீர்கள்? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்றார். எங்கள் வீட்டம்மா, "ஐந்து முறை ராகிக் கஞ்சி கொடுத்தேன், ஐந்து முறையும் ஒரு டம்ளர் குடித்தாள்" என்று சற்றுப் பெருமையுடனேயே கூறினார். "ஒரு டம்ளருக்கு எவ்வளவு மாவு?" என்பது அடுத்த வினா. "ஒரு கரண்டி, கெட்டியானால் இறங்காதே!" என்பது விடை. அம்மையார் ஒரு தாளை எடுத்து எங்கள் பக்கம் நகர்த்தி, "நீங்கள் கணக்குப் பிள்ளைதானே, நீங்களே போடுங்கள்" என்றார்.

அந்தக் கணக்கை இங்கே உங்கள் முன்னும் போட்டுக் காட்டுகிறோம். இன்றைய பேச்சின் சாரமே அதுதான். குழந்தையின் இரைப்பை, அதன் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 30 கிராம் உணவே கொள்ளும். 6 கிலோ 700 கிராம் எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளையில் 200 கிராம். அதாவது ஒரு சிறு டம்ளர். நாங்கள் போட்ட ஒரு கரண்டி மாவு 10 கிராம். அது தரும் ஆற்றல் 32 கலோரி. ஐந்து முறைக்கு 160 கலோரி. ஒன்பது மாதம் முதல் பதினொரு மாதம் வரையுள்ள குழந்தைக்குத் தாய்ப்பால் போக, உணவிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கலோரி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எங்கள் பேத்திக்கோ பகலில் தாய்ப்பாலும் இல்லை. வயிறு ஐந்து முறையும் நிறைந்தது, நிறைந்தது நீரால். குழந்தை அழவில்லை, சிணுங்கவில்லை, ஆதலால் நாங்களும் ஐயுறவில்லை. பட்டினி கிடந்த குழந்தை அழும் என்றே நினைத்திருந்தோம். வயிறு நிறைந்த பட்டினி அழுவதில்லை என்பதை அத்தாளின் முன் அமர்ந்தபோதுதான் அறிந்தோம். பழி மகளின் பாலுக்கும் இல்லை, அவள் வேலைக்கும் இல்லை, எங்கள் கரண்டிக்கு.

இனிச் செய்தது என்ன என்று கூறுமுன், நம் நாட்டிலேயே நடந்த ஒரு பெருமுயற்சியைச் சொல்ல விரும்புகிறோம். மதிய உணவுத் திட்டம் என்றால் அனைவர்க்கும் தெரியும். 1982ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்ததும் தெரியும். அதற்கு ஈராண்டுக்கு முன்பே, 1980இல், உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்ற ஒன்று மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கியது பலருக்குத் தெரியாது. அதன் நெறி வேறானது. ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் நிறுப்பார்கள். எடையை ஓர் அட்டையில் புள்ளியாக வைத்துக் கோடு இழுப்பார்கள். கோடு ஏறினால் தாயைப் பாராட்டி அனுப்பிவிடுவார்கள். கோடு படுத்துக்கிடந்தாலோ, இறங்கினாலோ, அந்தக் குழந்தைக்கு மட்டும் 90 நாளைக்கு நாள்தோறும் ஓர் உருண்டை கொடுப்பார்கள். தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்த்து வறுத்தரைத்துப் பிடித்த உருண்டை; பல ஊர்களில் அதனைச் செய்தவர்கள் அந்தந்தச் சிற்றூர்ப் பெண்கள் குழுவினரே. எடை தேறியதும் உருண்டை நின்றுவிடும். மீண்டும் தளர்ந்தால் மீண்டும் உருண்டை.

இதில் எங்களுக்கு வியப்பளித்தது உருண்டை அன்று, தராசு. எல்லாக் குழந்தைக்கும் அள்ளிக் கொடுக்காமல், எந்தக் குழந்தை தேங்கி நிற்கிறது என்று மாதந்தோறும் பார்த்து, தேங்கிய மாதத்திலேயே கைகொடுத்தார்கள். உருண்டையும் குழந்தையின் வேளைச் சாப்பாட்டுக்கு மாற்றாக வரவில்லை; இடைவேளையில், மேல்மிச்சமாக வந்தது. "சிற்றுண்டி" என்ற சொல்லுக்குக் குழந்தை விஷயத்தில் அதுதான் பொருள். நாம் சிற்றுண்டி என்றால் முறுக்கையும் பிஸ்கட்டையும் நினைக்கிறோம். மாலையில் தேநீரில் நனைத்த பிஸ்கட்டைப் பேரப்பிள்ளைக்கு ஊட்டாத தாத்தா இந்த அவையில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டா, நாங்களும் ஊட்டியவர்களே. தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவொட்டாமல் தடுப்பது. பிஸ்கட்டோ மைதாவும் சர்க்கரையும். சிறு வயிற்றில் இடத்தை அடைத்துக்கொண்டு, இரவுச் சோற்றை மறுக்கச் செய்வதே அவற்றால் ஆகும் பயன்.

காலமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் மட்டுமே, தண்ணீரும் வேண்டா. ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை உணவு. ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை. அவற்றோடு ஒன்றிரண்டு சிற்றுண்டி. தாய்ப்பால் இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம். வேலைக்குச் செல்லும் தாய் காலையில் பாலைப் பீய்ச்சித் தூய பாத்திரத்தில் குளிர்ப்பெட்டியில் வைத்துச் சென்றால், பகலில் கிண்ணத்தால் ஊட்டலாம். எங்கள் மகள் இப்போது அவ்வாறே செய்கிறாள். முதலில் நாங்கள் இதற்கு உடன்படவில்லை. ஆறிய பால் ஆகாது என்று எங்கள் வீட்டம்மா வாதாடினார். மருத்துவ அம்மையார் கூறிய பின்னரே இணங்கினார்.

இனிக் கேழ்வரகுக்கு வருவோம். நம்மைச் சோறூட்டி வளர்த்த ஊர்கள் வேறாயினும், நாம் வந்து வாழும் இந்தப் பெங்களூரைச் சுற்றியுள்ள மண் கேழ்வரகின் மண். இங்கே முத்தே தின்று வளர்ந்த உழவர்களின் உடற்கட்டை நாம் கண்டிருக்கிறோம். மண்டியாப் பண்ணையில் இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் இணைத்து 'இண்டாஃப்' என்னும் புது வகைகளை உருவாக்கிய லட்சுமணய்யா அவர்களை இங்குள்ளோர் 'ராகி பிரம்மா' என்றே போற்றுகின்றனர். 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருப்பதாக 2017இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு அட்டவணை கூறுகிறது. அதே அளவு வெள்ளை அரிசியில் அது 10 மில்லிகிராமைக்கூட எட்டாது. ஆகவே நாங்கள் தேர்ந்த தானியத்தில் பிழையில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது.

கேழ்வரகு மாவை நீரிலிட்டுக் காய்ச்சினால் அதன் மாவுச்சத்து நீரை உறிஞ்சி வீங்கிப் பசைபோல இறுகுகிறது. இறுகியதும் குழந்தைக்கு விழுங்க வராதே என்று தண்ணீரை ஊற்றுகிறோம், அல்லது மாவைக் குறைக்கிறோம். இரண்டும் ஒன்றே. இந்தச் சிக்கலை நம் பாட்டிமார் முளைகட்டித் தீர்த்தார்கள். ஏன் தீர்கிறது என்பதை அறிஞர்கள் பின்னர்க் கண்டார்கள். விதை முளைக்கும்போது தன் குருத்துக்கு உணவூட்டுவதற்காக 'அமிலேஸ்' என்னும் நொதியை உண்டாக்குகிறது. அது மாவுச்சத்தை உடைத்து இளக்குகிறது. முளைகட்டிய மாவில் கஞ்சி காய்ச்சினால் இருமடங்கு மாவு போட்டாலும் ஸ்பூனில் எடுத்து ஊட்டும் பதமாகவே இருக்கும். 1950இல் மைசூரில் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் முளைகட்டிய கேழ்வரகையும் முளைகட்டிய பச்சைப்பயற்றையும் சேர்த்துக் குழந்தை உணவு செய்யும் முறையை ஆராய்ந்து வகுத்தனர். ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டுத் தாய்மார்களும் முளைத் தானிய மாவைக் கொண்டு கெட்டிக் கஞ்சியை இளக்கும் முறையைக் கையாண்டனர். கேழ்வரகு அக்கண்டத்திலிருந்து வந்த தானியமாதலால் முறையும் அங்கே இருப்பதில் வியப்பில்லை.

செய்முறையை எங்கள் வீட்டம்மா சொல்லச் சொல்ல எழுதியபடியே கூறுகிறோம். கேழ்வரகைக் கல், மண் போகப் பலமுறை அரித்து, ஓர் இரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத் துணியில் மூட்டை கட்டி வைக்க வேண்டும். பெங்களூர்க் குளிரில் முளை வர இரண்டு நாள் பிடிக்கும்; வெயிற்காலத்தில் ஒரு நாள் போதும். பச்சைப்பயற்றையும் தனியே அவ்வாறு முளைகட்டவும். வெள்ளை முளை சற்றே நீண்டதும் வெயிலில் சருகாகக் காயவைத்துக் கையால் தேய்த்தால் முளை உதிர்ந்துவிடும்; புடைத்துத் தள்ளிவிடலாம். பின்னர் மணம் வரும் அளவுக்கு மட்டும், இளஞ்சூட்டில் வறுக்க வேண்டும். கருக வறுத்தால் அந்த நொதி அழிந்து, முளைகட்டியதன் பயனே போய்விடும். மைசூர் நிலையத்தார் கூறும் அளவு கேழ்வரகு ஏழு பங்கு, பயறு மூன்று பங்கு. அரைத்துச் சலித்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்க. ஒரு மாதத்திற்கு மேல் வேண்டிய அளவு அரைக்க வேண்டா. ஜூலை, ஆகஸ்டு மாத மழையில் முளைகட்டும்போது துணியில் பூசண வாடை வீசினால் மனம் இரங்காமல் அத்தனையையும் கொட்டிவிடுக. நாங்கள் ஒரு முறை இரண்டு படியைக் கொட்டினோம்.

இங்குள்ள கன்னடச் சகோதரிகள் ஊறவைத்த ராகியை அரைத்துத் துணியில் பிழிந்து காய்ச்சும் 'ராகி சரி'யும், நம் ஊர்க் கேழ்வரகுப் பாலும் ஒன்றே. முதல் உணவாகத் தொடங்குவதற்கு அது நன்று. ஆயின் சக்கையோடு சத்தில் ஒரு பகுதியும் துணியில் தங்கிவிடுவதால், பழகிய பின் முழு மாவுக்கு மாறிவிட வேண்டும். ராகியைப் பொரித்து அரைக்கும் 'ஹுரிஹிட்டு' என்பதும் அருமையானது. ஒரு வயது கடந்த குழந்தைக்குப் பாலிலோ, பழத்திலோ பிசைந்து கொடுக்க அதனிலும் எளிய சிற்றுண்டி இல்லை. எங்கள் அலுவலகத்தில் பக்கத்து மேசை நண்பர் கொண்டுவந்து கொடுத்த ஹுரிஹிட்டில் பாதியை நாங்களே தின்றுவிட்டோம் என்பது வேறு செய்தி.

கணக்கைத் திருத்திப் போட்டோம். ஒரு கிண்ணக் கஞ்சியில் முளைகட்டிய மாவு 25 கிராம். அது 80 கலோரி. இறக்கியதும் ஒரு தேக்கரண்டி நெய்; அது 45. வறுத்து நைஸாக அரைத்த வேர்க்கடலைப் பொடி ஒரு தேக்கரண்டி, ஏறத்தாழ 5 கிராம், அது 26. ஆகக் கூடுதல் 151 கலோரி. முன்பு ஐந்து டம்ளரில் கொடுத்ததை இப்போது ஒரு கிண்ணத்தில் கொடுக்கிறோம்! அதிலும் அந்த ஒரு தேக்கரண்டி நெய், முன்பு ஒரு முழு டம்ளர் கஞ்சி தந்ததைவிட மிகுதியாகத் தந்தது என்பதைக் கவனியுங்கள். குழந்தைக்கு நெய்யும் எண்ணெயும் ஆகா, சளி பிடிக்கும் என்பார் நம்மிடையே உண்டு. சிறு வயிற்றில் மிகுந்த ஆற்றலைப் புகுத்த அவற்றைவிடச் சிறந்த வழி வேறில்லை.

வேர்க்கடலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கார்த்திகைக் கடைசித் திங்களன்று பசவனகுடியில் கடலைக்காய்ப் பரிஷை நடக்கும்போது நாமெல்லாம் படிக்கணக்கில் வாங்கி வருகிறோம். நல்லது. ஆனால் முழுக்கடலையை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் கைக்கு எட்டவிடாதீர்கள். மூச்சுக்குழலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. பொடியாகவோ விழுதாகவோ உணவிற் கலந்தே கொடுக்க வேண்டும். சுருங்கியதும் பூசணம் பிடித்ததுமான பருப்பைப் பொறுக்கி எறிய வேண்டும். முதல் முறை கால் தேக்கரண்டி மட்டும் கொடுத்து, தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பொட்டுக்கடலைப் பொடிக்கும் இதே முறை.

ஏனைய சிற்றுண்டிகள் பல. நம் கடைத்தெருவில் கிடைக்கும் ஏலக்கி வாழைப்பழம் ஒன்றைக் கரண்டியால் மசித்து, ஆடையெடுக்காத தயிர் இரண்டு கரண்டி சேர்த்தால் ஒரு நிமிடத்தில் ஆயத்தம். நேந்திரம்பழத்தை ஆவியில் வேகவைத்து மசித்து நெய் விடலாம். சர்க்கரைவள்ளிக் கிழங்கு மலிவு. வேகவைத்து மசித்தால் குழந்தை விரும்பி உண்ணும். குடகிலிருந்து வரும் வெண்ணெய்ப்பழத்தை இங்கே 'பட்டர் ஃப்ரூட்' என்று தள்ளுவண்டியில் விற்கிறார்கள். பெயருக்கேற்பக் கொழுப்புச்சத்து மிக்கது, வேகவைக்கவும் வேண்டா. விலைதான் சில மாதங்களில் நமக்கு எட்டாது. பருப்பில் தோய்த்த இட்டிலியில் நெய் விட்டுப் பிசைந்தால் அதுவே நல்ல மாலைச் சிற்றுண்டி. எங்கள் பேத்திக்கு இன்றளவும் அதுவே முதல் விருப்பம். அசைவம் உண்ணும் குடும்பத்தார் முட்டையை நன்கு வேகவைத்து, வெள்ளையும் மஞ்சளும் சேர்த்தே கொடுக்கலாம்; ஒரு வயதாகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. முள் நீக்கிய மீனும், நன்கு வேகவைத்து மசித்த கோழி ஈரலும் கொடுக்கலாம். தாயிடமிருந்து குழந்தை கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தளவில் தீரத் தொடங்குகிறது. சைவ உணவினர் பருப்பும் கீரையும் கொடுக்கும்போது இரண்டு துளி எலுமிச்சைச் சாறோ, ஒரு சுளை ஆரஞ்சோ சேர்த்தால் அதிலுள்ள இரும்பை உடல் நன்கு ஏற்கும்.

இனிப்பைப் பற்றி எங்கள் வீட்டிலேயே பெரும் விவாதம் நடந்தது. கொட்டாம்பட்டி உருண்டையில் வெல்லம் இருந்ததே என்று நாங்கள் கேட்டோம். அந்நாளில் அவ்வாறு செய்தார்கள். இன்று, இரண்டு வயதுக்குள் சர்க்கரை சேர்க்க வேண்டா என்றே ஐதராபாத் நிறுவனத்தார் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் அறிவுறுத்துகின்றனர். வெல்லமும் கருப்பட்டியும் பெயரால் வேறாயினும் அவையும் சர்க்கரையே. பழத்தின் இனிப்பே குழந்தைக்குப் போதும். ஒரு வயது வரை உப்பும் வேண்டா. தேனை ஒரு வயதுக்கு முன் நாவில் தடவுவதுகூடக் கூடாது; அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் பச்சிளங் குழந்தைக்கு வாதநோய் போன்ற கொடிய தளர்ச்சியை உண்டாக்கும். பிறந்ததும் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் இருப்பதால் இதனை அழுத்திச் சொல்கிறோம்.

டப்பா உணவுகளைப் பற்றியும் ஒரு சொல். 1992இல் இயற்றி 2003இல் திருத்திய சட்டத்தின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் மாற்றுகளையும் உணவுகளையும் நம் நாட்டில் விளம்பரம் செய்யக் கூடாது. அப்படியிருந்தும் அண்டைவீட்டார் வாய் வழியாக விளம்பரம் நடந்துகொண்டே இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு அவ்வாறுதான் இரண்டு டப்பா வந்தன. வாங்க நேர்ந்தால் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். சர்க்கரை முதல் மூன்று இடங்களுக்குள் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் கேட்டு, நல்ல எடையோடிருக்கும் குழந்தைக்கும் நெய்யை ஊற்றத் தொடங்கிவிடாதீர்கள். 'கொழுகொழு' என்றிருப்பதே நலம் என்ற எண்ணம் நம்மிடையே வேரோடியிருக்கிறது. எது போதும் எடை என்பதற்கு அளவு உண்டு. டில்லி, ஆஸ்லோ, மஸ்கட், அக்ரா உள்ளிட்ட ஆறு நகரங்களில் நல்ல முறையில் வளர்க்கப்பெற்ற குழந்தைகளை அளந்து, 2006இல் உலக சுகாதார நிறுவனம் வளர்ச்சி அட்டவணை ஒன்றை வெளியிட்டது. அதன்படி ஒரு வயதில் ஆண் குழந்தையின் நடுத்தர எடை 9 கிலோ 600 கிராம். பெண் குழந்தைக்கு 8 கிலோ 900. ஆணுக்கு 7 கிலோ 700க்கும் பெண்ணுக்கு 7 கிலோவுக்கும் கீழே சென்றால் எடைக்குறைவு என்பார்கள். இடைப்பட்ட எடையில் சீராக ஏறிக்கொண்டிருக்கும் குழந்தை மெலிவாகத் தோன்றினாலும் நலமாகவே இருக்கிறது. அதன் வாயைப் பிடித்துத் திணிப்பது கொடுமை. கோடு நின்றுவிட்டதா என்பதே கேள்வி.

கோடு நின்றால் உணவு மட்டுமே காரணம் என்றும் கொள்ளற்க. அடிக்கடி கழிச்சல், விடாத இருமல், காரணம் தெரியாத காய்ச்சல், பால் குடிக்கும்போது மூச்சு வாங்கல் ஆகியவை இருந்தால் முதலில் மருத்துவரிடம் செல்க. எங்கள் பேத்திக்கு இரத்தசோகை இருந்தது. அதற்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். வெறும் நெய்யால் அது தீர்ந்திருக்காது.

ஊட்டும் முறையையும் மாற்றிக்கொண்டோம். முன்பெல்லாம் கைப்பேசியில் பாட்டுப் படத்தை ஓடவிட்டு, குழந்தை வாய் பிளந்த நேரத்தில் கஞ்சியை ஊற்றுவோம். அதனை நிறுத்தினோம். இப்போது எதிரே அமர்த்தி, தனிக்கிண்ணம் வைத்து, அவள் கையையும் கிண்ணத்தில் விடச் செய்கிறோம். பாதி சிந்துகிறது. தலையைத் திருப்பினால் நிறுத்திவிட்டு, சற்றுப் பொறுத்து மீண்டும் காட்டுகிறோம். ஒரு வேளைக்கு அரை மணி நேரம் ஆகிறது. முதல் வாரம் எங்கள் வீட்டம்மா, "பார்சல் ஏற்றுவதுகூட இதைவிட எளிது போலிருக்கிறதே!" என்று சலித்துக்கொண்டார். இரவுப் பணி முறை வந்த வாரங்களில் பகல் உணவைத் தாத்தாவே ஊட்டும்படி ஆயிற்று. ஆண்மக்கள் இதனைச் செய்யலாகாது என்று எந்த நூலிலும் எழுதியிருக்கவில்லை.

பத்தாம் மாத இறுதியில் 7 கிலோ. பதினொன்றாம் மாதத்தில் நான்கு நாள் காய்ச்சல் வந்து நூறு கிராம் இறங்கியது. அன்றிரவு யாரும் சரியாக உறங்கவில்லை. காய்ச்சல் விட்ட பின் இரண்டு வாரத்திற்கு நாளுக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டச் சொன்னார் மருத்துவர். முதற் பிறந்தநாளன்று காலையில் நிறுத்தபோது 7 கிலோ 700 கிராம். அட்டவணையின் நடுக்கோட்டை அவள் இன்னும் எட்டவில்லை. ஆனால் மூன்று மாதத்தில் ஒரு கிலோ ஏறியிருக்கிறாள். மகள் அந்த அட்டையைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலுவலகம் செல்கிறாள்.

இறுதியாக ஒரு செய்தியை அறிவிக்குமாறு செயலாளர் அவர்கள் பணித்துள்ளார்கள். நம் சங்கப் படிப்பகத்தில், செய்தித்தாள் மேசைக்கு அருகே, குழந்தைகளை நிறுக்கும் தராசு ஒன்று அடுத்த மாதம் முதல் வைக்கப்பெறும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி முதல் 11 மணி வரை நாங்கள் இருவரும் அங்கிருப்போம். மூன்று வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தையையும் அழைத்து வரலாம். தமிழ்க் குழந்தையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கன்னட, தெலுங்குக் குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். குழந்தையின் எடை அட்டையைத் தவறாமற் கொண்டுவருக. அட்டை இல்லாதவர்க்கு எழுதித் தருகிறோம். பார்சல் எடைச்சீட்டைப் போலன்றி இதற்குக் கட்டணம் இல்லை. தராசு வாங்க இன்னும் கொஞ்சம் தொகை குறைகிறது. உண்டியல் வாயிலில் இருக்கிறது.